மண்ணும் நைலானும்

(நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியச் சொற்பொழிவு நிகழ்வதே வழக்கம். குறளைப் பற்றியும் கம்பனைப் பற்றியும் கற்றறிந்தோர் பலர் இங்கே பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றோம். அத்தகைய மேடையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேப் பண்டகசாலை அலுவலகத்தில் வரவு செலவு ஏடு எழுதும் எம்மை நிறுத்தி, விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்துவிட்டார். எவ்வளவோ மறுத்தோம். "உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்பது நம் காலனியில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதையாவது சொல்லுங்கள், சார்" என்றார் அவர். உண்மையைக் கூறுவதாயின், சென்ற ஆண்டு வரை எமக்கும் அது தெரியாது. தெரிந்துகொண்ட கதையிலிருந்தே தொடங்குகின்றோம்.

எம் மகள் வெளியூரில் எம்.டெக். படிக்கிறாள். யாரேனும் கேட்டால், "பாலிமர் படிக்கிறாள்" என்போம். "பாலிமர் என்றால் என்ன?" என்று மேலும் கேட்டால், "பிளாஸ்டிக் சம்பந்தமானது" என்போம். அதற்கு மேல் கேட்பாரும் இல்லை, சொல்வாரும் இல்லை.

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஓர் இரவு, பதினொரு மணிக்கு மேல் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "அப்பா, மூன்று மாதமாகச் செய்த மாதிரிகள் எல்லாம் வீண். ஒன்றும் சேர்க்காத வெறும் நைலானை விட, நான் செய்தது முன்னதாகவே அறுந்து போகிறது. எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம், வந்துவிடுகிறேன்" என்று அழுதாள். எது அறுந்தது, ஏன் அறுந்தது என்று கேட்கவும் எமக்கு அறிவு போதவில்லை. "சாப்பிட்டாயா, அம்மா?" என்று மட்டும் கேட்டோம். "நான் சொல்வது உங்களுக்குப் புரியாது, விடுங்கள் அப்பா" என்று வைத்துவிட்டாள்.

அன்றிரவு எம் இல்லத்தில் எவரும் உறங்கவில்லை. பிள்ளைக்குப் பணம் அனுப்ப முடிந்தது. அவள் துயரம் இன்னதென்று அறிய முடியவில்லை. மறுநாள் அவள் தாய் பேசி, "இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார், கண்ணு" என்று ஒருவாறு நிறுத்தி வைத்தாள். பொங்கல் விடுமுறைக்கு அவள் வந்தபோது, அருகே அமர்த்திக்கொண்டு, "நீ செய்வதை எங்களுக்குத் தமிழில் சொல்" என்றோம். அவளுக்குத் தமிழ்ச் சொல் அகப்படவில்லை. எமக்கு ஆங்கிலச் சொல்லின் பொருள் அகப்படவில்லை. ஆயினும் பத்து நாள் விடாமல் முயன்றோம். அவ்வாறு கற்றதையே இன்று உங்கள் முன் வைக்கின்றோம். இதில் பிழை காணப்படின், அது மாணவராகிய எம்முடையது. ஆசிரியையாகிய அவளுடையது அன்று.

முதலில், பாலிமர் என்பது யாது? இரயில்வே குடும்பத்தாராகிய நமக்கு அதனை விளக்குவது எளிது. கூட்ஸ் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வகையான வாகன்கள் ஒன்றன் பின் ஒன்றாகப் பூட்டப்பெற்று நீண்ட தொடர் ஆகின்றன. அதுபோலவே சிறு மூலக்கூறுகள் பல்லாயிரக்கணக்கில் கோக்கப்பெற்று அமைந்த நெடுந்தொடரே பாலிமர். நைலானில் பல வகை உண்டு. நைலான்-6 என்பது கப்ரோலாக்டம் என்னும் பொருளிலிருந்து பெறப்படுவது. அது வளையம் போன்ற மூலக்கூறு. சூடேற்றினால் வளையம் திறந்து, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு, நெடுந்தொடராக வளர்கிறது.

நைலான் உறுதியானது, எடை குறைந்தது, துருப்பிடிக்காதது. எனினும் அதற்கு ஒரு குறை உண்டு. சூட்டில் அது தளர்ந்துவிடும். பாரம் ஏற்றிய நைலான்-6 சட்டம் ஒன்றைச் சிறிது சிறிதாகச் சூடாக்கினால், ஏறத்தாழ 65 பாகை செல்சியசிலேயே வளையத் தொடங்குகிறது. மோட்டார் வண்டியின் இயந்திரத்தின் அருகே இத்தகைய பொருளை எங்ஙனம் வைப்பது? இக்குறையைத் தீர்க்கக் கண்ணாடி இழையை நூற்றுக்கு முப்பது பங்கு வரை கலக்கும் முறை நெடுநாளாக உண்டு. ஆனால் அவ்வளவு கலந்தால் பொருளின் எடை கூடும். சிறிதளவே சேர்த்துப் பெரும் பயன் பெற வழியுண்டா என்பதே கேள்வி.

இதற்கு விடை மண்ணிலிருந்து கிடைத்தது. ஆம், வெறும் களிமண்!

அந்த மண்ணை நாம் அறிவோம். பாலத்திற்குத் தூண் இறக்க ஆழமாகத் துளையிடும்போது, துளையின் பக்கங்கள் சரிந்து விழாதபடி உள்ளே ஒரு குழம்பை நிரப்புவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அது பென்டோனைட் என்னும் களிமண்ணைக் கரைத்த குழம்பு. கட்ச் பகுதியிலும் இராஜஸ்தானத்துப் பார்மர் பகுதியிலும் அது வெட்டியெடுக்கப்படுகிறது. எம் ஏட்டில் எத்தனையோ முறை "பென்டோனைட், இத்தனை மூட்டை" என்று வரவு எழுதியிருக்கின்றோம். அதே மண்தான் எம் மகளின் ஆய்வுக்கூடத்தில் சிறு புட்டியில் இருக்கிறது என்று அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட வியப்பு சொல்லுந்தரமன்று.

அம்மண்ணில் முதன்மையாக உள்ள கனிமத்திற்கு மான்ட்மோரில்லோனைட் என்று பெயர். அது புத்தகத்தின் தாள்கள் போல ஏடு ஏடாக அடுக்கப்பெற்றது. ஓர் ஏட்டின் கனம் ஏறத்தாழ 1 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறு செய்தால், அதில் ஒரு கூறே நானோமீட்டர். நம் தலைமயிரின் கனத்தில் இத்தகைய ஏடுகளைப் பல்லாயிரக்கணக்கில் அடுக்கலாம். ஒரு கிராம் மண்ணின் ஏடுகளையெல்லாம் தனித்தனியே பிரித்து இரு பக்கமும் அளந்தால், பரப்பு ஏறத்தாழ 700 சதுர மீட்டர் வரும். சென்னை வழக்கில் சொல்வதாயின், மூன்று கிரவுண்டு மனைக்குச் சற்று மிகுதி. ஒரு சிட்டிகை மண்ணுக்குள் மூன்று கிரவுண்டு மனை அடங்கியிருக்கிறது! இவ்வளவு பரப்பும் நைலானைப் பற்றிக்கொண்டால், சிறிதளவு மண்ணே போதுமன்றோ?

இந்த எண்ணத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தோர் ஜப்பானியர். டொயோட்டா நிறுவனத்தின் மத்திய ஆய்வுக்கூடத்தில், 1980-களின் இடைப்பகுதியில் ஒகாடா, உசுக்கி, கவசுமி, கோஜிமா முதலியோர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டனர். தம் முடிவுகளை 1993-ஆம் ஆண்டில் விரிவாக வெளியிட்டனர். அம்முடிவுகளுள் எம் மனத்தில் ஆழப் பதிந்தது ஒன்று உண்டு. அதுவே இவ்வுரையின் கருத்து. எனவே சற்று ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம்.

ஒரு சதுர சென்டிமீட்டர் குறுக்களவுள்ள வெறும் நைலான்-6 தண்டை இழுத்து அறுக்க, ஏறத்தாழ 700 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். அதனோடு நூற்றுக்கு ஐந்து பங்கு மண்ணை அப்படியே கலந்து பார்த்தனர். வலிமை கூடிற்றா? இல்லை, குறைந்தது! 620 கிலோவிலேயே அறுந்தது. பிறகு அதே வகை மண்ணை, அதே போன்ற சிறு அளவில், மேற்பரப்பை முதலில் பக்குவப்படுத்திய பின் சேர்த்தனர். அறுக்க ஏறத்தாழ 1,090 கிலோ வேண்டியிருந்தது. விறைப்பு ஏறக்குறைய இருமடங்காயிற்று. 65 பாகையில் வளைந்த பொருள், 145 பாகை வரை நிமிர்ந்து நின்றது. மண் மாறவில்லை, நைலான் மாறவில்லை. இரண்டும் சந்திக்கும் இடம் மட்டுமே மாறிற்று.

காரணம் என்ன? தாய்மார்களுக்கு இது நன்கு தெரிந்த செய்தி. கேழ்வரகு மாவைக் கொதிக்கும் நீரில் அப்படியே கொட்டினால் என்னவாகும்? கட்டி தட்டிவிடும், கட்டிக்குள் மாவு மாவாகவே இருக்கும். ஆகவே முதலில் தண்ணீரில் கரைத்துக்கொண்டு, பின்னரே கொதிநீரில் ஊற்றிக் கிளறுகிறோம். மண்ணின் ஏடுகளும் ஒன்றோடொன்று ஒட்டிய கட்டாகவே கிடக்கின்றன. அவற்றின் இடுக்கு மிகக் குறுகியது. அங்கே சோடியம் அயனிகள் உள்ளன. நீர் அதில் எளிதில் புகும். நைலானின் நெடுந்தொடர் புகுவதில்லை. கட்டு கட்டாக நின்ற மண், நைலானுக்கு வலிமை தருவதற்கு மாறாக, விரிசல் தொடங்கும் இடமாகிவிடுகிறது.

இதற்கு அவர்கள் கண்ட பக்குவம் யாது? மண்ணை வெந்நீரில் நன்றாகக் கலக்கினர். 12-அமினோலாரிக் அமிலம் என்னும் பொருளை, ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து வேறு வெந்நீரில் கரைத்து, அதில் ஊற்றினர். ஏடுகளுக்கிடையே இருந்த சோடியம் வெளியேற, இப்பொருள் அவ்விடத்தில் அமர்ந்தது. இதனைக் கதவின் கீலுக்கு ஒப்பிடலாம். கீலின் ஓர் இதழ் நிலையில் அறையப்படும். மற்றோர் இதழ் கதவில் அறையப்படும். அவ்வாறே இம்மூலக்கூறின் ஒரு முனை மண்ணின் ஏட்டைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனையோ நைலான் தொடர் வளர்வதற்கு வித்தாகிறது. ஏடுகளின் இடைவெளியும் விரிந்து, ஓர் ஏட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த ஏட்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ 1.7 நானோமீட்டர் ஆகிறது.

பின்னர் இம்மண்ணை வடிகட்டிக் கழுவி உலர்த்தி, உருகிய கப்ரோலாக்டத்தில் இட்டனர். அது ஏடுகளுக்குள் புகுந்து இடைவெளியை மேலும் அகற்றிற்று. சூட்டை 250 பாகைக்கு உயர்த்தியதும் நைலான் தொடர்கள் ஏடுகளுக்கிடையிலேயே வளர்ந்து, அவற்றை ஒன்றைவிட்டு ஒன்று விலக்கித் தள்ளின. முடிவில் ஏடுகள் நைலான் முழுவதும் தனித்தனியே பரவி நின்றன. இவ்வாறு பிறந்த பொருளுக்கே நானோகாம்போசிட் என்று பெயர். தமிழில் நானோ கூட்டுப்பொருள் என்னலாம். 1990-ஆம் ஆண்டை ஒட்டி இது டொயோட்டா காரின் இயந்திரத்தில் டைமிங் பெல்ட்டை மூடும் உறையாகப் பயன்பட்டது.

"ஏடுகள் பிரிந்துவிட்டன என்று எவ்வாறு அறிவது? கண்ணால் பார்க்க இயலாதே!" என்று யாம் மகளிடம் கேட்டோம். அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முறையாக மலர்ச்சியைக் கண்டோம். இக்கேள்விக்காகவே காத்திருந்தவள் போல விளக்கினாள். எக்ஸ் கதிரைச் செலுத்தினால், ஒழுங்காக அடுக்கப்பெற்ற ஏடுகள் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அதனைத் திருப்பிக் காட்டும். வரைபடத்தில் அது ஒரு முகடாகத் தெரியும். இடைவெளி விரிந்தால் முகடு இடம் மாறும். ஏடுகள் முற்றும் பிரிந்துவிட்டால் முகடே மறைந்துவிடும். இது முதற் சோதனை. முகடு வேறு காரணத்தாலும் மறையக்கூடுமாதலால், பொருளை மிக மிக மெல்லிய சீவலாகச் சீவி, எலெக்ட்ரான் நுண்நோக்கியில் கண்டும் உறுதி செய்வர். இது இரண்டாவது. சிறிதளவை எரித்து, எஞ்சும் சாம்பலை நிறுத்து, மண் உள்ளபடி எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிடுவர். இது மூன்றாவது. பண்டகசாலையில் இருப்புச் சரிபார்ப்பது போன்ற வேலை இது என்று எமக்குத் தோன்றிற்று.

அதன் பின்னரே வலிமைச் சோதனை. பொருளை அச்சில் வார்த்து, இரு முனை அகன்றும் நடு ஒடுங்கியும் உள்ள துண்டுகளாக்குவர். இயந்திரத்தின் இரு பிடிகளில் மாட்டி, அறும் வரை இழுப்பர். ஒரு துண்டின் முடிவை மட்டும் எவரும் ஒப்புவதில்லை. பல துண்டுகளை இழுத்துச் சராசரி காண்பர். வேறொரு துண்டைச் சூடான எண்ணெயில் வைத்து, மேலே பாரம் ஏற்றி, எந்தச் சூட்டில் வளைகிறது என்று குறிப்பர். ஊசலால் தாக்கி, எவ்வளவு அடி தாங்குகிறது என்றும் பார்ப்பர்.

இனி, எம் மகளின் மாதிரிகள் ஏன் அறுந்தன என்பதைச் சொல்ல வேண்டும். அவள் கப்ரோலாக்டத்திலிருந்து தொடங்கவில்லை. பக்குவப்படுத்திய மண்ணையும் ஆயத்த நைலானையும் உருக்கிக் கலக்கும் முறையைக் கையாண்டாள். எக்ஸ் கதிர்ச் சோதனையில் ஏடுகள் நன்றாகவே பிரிந்திருந்தன. ஆயினும் துண்டுகள் முன்னதாகவே அறுந்தன. மண்ணைப் பக்குவப்படுத்தியதில்தான் பிழை என்று எண்ணி, அதனையே மீண்டும் மீண்டும் செய்துகொண்டிருந்தாள். மூன்று மாதம் இவ்வாறு கழிந்தது.

அங்கே ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் இருக்கிறார். பல ஆண்டுகளாக அந்த இயந்திரங்களோடு பழகியவர். பெரிய பட்டம் ஏதும் பெற்றவர் அல்லர். தொலைபேசியில் அவள் அழுத நான்காம் நாள், அவர் அறுந்த துண்டின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நன்றாகக் காயவைத்தாயா?" என்று கேட்டாராம். நுண்நோக்கியில் பார்த்தபோது, அறுந்த முகமெங்கும் நுண்ணிய குமிழிகளின் குழிகள்! நைலான் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. மண்ணும் அத்தகையதே. அதுவோ மழைக்காலம். ஈரத்தோடு உருக்கினால், நீர் ஆவியாகிக் குமிழியிடும். அன்றியும் நைலானின் நெடுந்தொடர்களையே துண்டு துண்டாக அறுத்துவிடும். காயவைத்தது சில மணி நேரமே, அது போதவில்லை. அடுத்த முறை இரண்டையும் இரவு முழுவதும் வெற்றிட அடுப்பில் 80 பாகைச் சூட்டில் உலர்த்திக் கலந்தாள். துண்டுகள் வெறும் நைலானைத் தெளிவாக விஞ்சி நின்றன. அரிய பக்குவமெல்லாம் செய்து முடித்து, எளிய பக்குவம் ஒன்றை விட்டதால் வந்த வினை அது.

அன்றிரவு அவள் சொன்னதை யாம் அறிந்திருந்தால், "மழைக்காலமாயிற்றே, மூட்டையில் ஈரம் ஏறியிருக்குமோ?" என்று கேட்டிருக்க மாட்டோமா? சிமெண்டு மூட்டைகளை மழை ஈரத்திலிருந்து காக்கும் வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்பவராயிற்றே யாம்! எம்மிடம் விடை இருந்தது. கேள்வி எம் மொழியில் வந்து சேரவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு வருந்துகிறது.

இத்தொழில்நுட்பம் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. நம்மிற் பலர் வீட்டில் வைத்திருக்கும் மோட்டார் வண்டியின் டயரிலும் இதே தத்துவத்தைக் காணலாம். ரப்பரில் சிலிக்கா என்னும் நுண்தூளைச் சேர்த்தால், டயர் உருளுவதில் வீணாகும் ஆற்றல் குறைந்து எரிபொருள் மிச்சமாகும். ஆனால் சிலிக்காவும் ரப்பரும் இயல்பாக ஒட்டுவதில்லை. ஆகவே சிலேன் என்னும் பொருளால் சிலிக்காவைப் பக்குவப்படுத்துகின்றனர். அதன் ஒரு முனை சிலிக்காவைப் பற்றும். கந்தகம் உள்ள பகுதி ரப்பரைப் பற்றும். மீண்டும் அதே கீல்! பிரான்சு நாட்டு மிஷலான் நிறுவனம் 1992-ஆம் ஆண்டில் இத்தகைய டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இதில் குறையே இல்லை என்று கருத வேண்டா. விறைப்பு மிகும்போது, பொருள் நீண்டுகொடுக்கும் இயல்பு குறைகிறது. மண்ணை அளவுக்கு மீறிச் சேர்த்தால், ஏடுகள் மீண்டும் கட்டு கட்டாகச் சேர்ந்து, வலிமை குன்றுகிறது. நூற்றுக்கு ஐந்து பங்கு செய்த நன்மையை இருபது பங்கு செய்வதில்லை. அளவறிந்து சேர்ப்பதும், சேர்த்ததைச் சோதித்து அறிவதுமே இக்கலையின் உயிர்.

அன்பர்களே! நம் காலனியிலிருந்து எத்தனை பிள்ளைகள் பொறியியலும் மருத்துவமும் விஞ்ஞானமும் கற்கச் சென்றிருக்கின்றனர்! கட்டணம் செலுத்துகிறோம், விடுமுறைக்குப் பயணச் சீட்டு எடுத்துத் தருகிறோம், முறுக்கும் பொடியும் கட்டிக் கொடுக்கிறோம். ஆனால் அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலையைப் பற்றி அவர்களோடு ஐந்து நிமிடம் பேச நம்மால் இயலுகிறதா? "தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியாது" என்று அவர்கள் நினைக்கின்றனர். "சொன்னாலும் நமக்குப் புரியாது" என்று நாம் நினைக்கின்றோம். இரு தரப்பும் அருகருகே இருந்தும் ஒட்டாமல் நிற்கின்றோம். வெளி மாநிலத்தில் வாழும் நமக்குத் தமிழ், பொங்கலுக்கும் திருமணத்திற்கும் மட்டும் உரிய மொழியாக நின்றுவிடலாகாது. பிள்ளையின் தோல்வியைக் கேட்டறியவும் அது பயன்பட வேண்டும்.

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் ஞாயிறுதோறும் சிறுவர்க்குத் தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறன்று, அவ்வகுப்பு முடிந்ததும், விடுமுறையில் வந்திருக்கும் மாணவர் ஒருவரை அரை மணி நேரம் தாம் கற்பதைத் தமிழில் சொல்லச் செய்யலாம். சொல் கிடைக்காத இடத்தில் ஆங்கிலச் சொல்லே வரட்டும், அதனால் குற்றமில்லை. பெற்றோர் கூச்சமின்றிக் கேள்வி கேட்க வேண்டும். அதற்கான தேநீர்ச் செலவை எம் குடும்பம் ஏற்றுக்கொள்ளும். வரும் கோடை விடுமுறையில் முதற் கூட்டத்தில் பேச எம் மகள் இசைந்திருக்கிறாள்.

இப்போதெல்லாம் அவள் தொலைபேசியில் அழைத்தால், "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பின், "நேற்றுப் போட்டது காய்ந்ததா?" என்றும் கேட்கின்றோம். "காய்ந்தது, அப்பா" என்கிறாள். அதன் பின் பேச்சு நெடுநேரம் நீள்கிறது.